பளிங்குத் தண்ணீரும் பாட்டியின் கயாக்கும்

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் யாராவது என் கிளினிக்குக்கு வந்தால், முன்பெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "டாக்டர், ஆறு மாசத்துக்கு மருந்து கொண்டுபோகலாமா?" இப்போது இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது. "பையன் புளோரிடாவில இருக்கான். ஊற்றுத் தண்ணி ஓடுற ஆத்துல கயாக்ல கூட்டிட்டுப் போறேங்கறான். இந்த வயசுல எங்களுக்கு அது தேவையா?"

தேவைதான் என்பேன். தாராளமாகப் போங்கள். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். இரண்டு விதமான குடும்பங்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு குடும்பம் வயசானவர்களைக் கரையில் பெஞ்சில் உட்காரவைத்து, கையில் பையையும் செல்போன்களையும் கொடுத்துவிட்டுப் போய்விடும். இன்னொரு குடும்பம், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, ஏறு" என்று சுகர், பிரஷர், முட்டிவலி எதையும் கேட்காமல் படகில் தூக்கி வைத்துவிடும். இரண்டுமே தப்பு.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புளோரிடா மாநிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல் பாறை. அது முழுக்கப் பொந்தும் புழையுமாக இருக்கும். பெய்கிற மழை அதற்குள் இறங்கித் தேங்கி, அழுத்தம் தாங்காத இடத்தில் பொங்கி மேலே வருகிறது. இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுகள் அந்த மாநிலத்தில் இருக்கின்றன. ஒகாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சில்வர் ஸ்பிரிங்ஸ் அவற்றில் பெரிய பெயர் பெற்றது. ஒரு காலத்தில் சராசரியாக நாளொன்றுக்கு 50 கோடி காலன் தண்ணீரை அது கக்கியது. இப்போது அந்த அளவு குறைந்துவிட்டது. அங்கே பிறக்கும் சில்வர் ஆறு சுமார் 5 மைல் ஓடி ஒக்லவாஹா ஆற்றில் கலக்கிறது. கயாக் விடுவது அந்த ஐந்து மைலில்தான்.

கயாக் என்றால் நம்ம ஊர்ப் பரிசல் மாதிரி வட்டமானது இல்லை. ஒல்லியாக, நீளமாக, வாழைப்பூ மடல் மாதிரி இருக்கும். ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அலகு உள்ள துடுப்பால் மாற்றி மாற்றித் தள்ள வேண்டும்.

சென்ற வருஷம் பங்குனியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நாங்களும் போனோம். மகள், மாப்பிள்ளை, ஆறு வயசுப் பேரன், நான், மாப்பிள்ளையின் அம்மா. சம்பந்தியம்மாவுக்கு அறுபத்தாறு வயசு. கோவில்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். சுகர் உண்டு, முட்டிவலி உண்டு. மாப்பிள்ளை முதலிலேயே ஏற்பாடு செய்துவிட்டார்: "அம்மா கரையில இருக்கட்டும் மாமா. பையைப் பார்த்துக்குவாங்க."

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். "ஏம்மா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க ஊர் கமலைக் கிணத்துல மேட்டுல இருந்து குதிச்சு நீச்சல் அடிச்சவ நான். இவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. மெட்ராஸ் ஃபிளாட்டுல வளர்ந்த பய."

அங்கே நின்ற ஐந்து பேரில் நீச்சல் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அவரைத்தான் கரையில் உட்காரவைக்கப் பார்த்தோம்! வயசைப் பார்த்து முடிவெடுக்கிற பழக்கம் நமக்கு எப்படி ஊறிப்போய்விட்டது பாருங்கள். கேட்க வேண்டியது உடம்பின் நிலையை. கீழே உட்கார்ந்து எழுந்திருக்க முடியுமா? பத்து நிமிஷம் காலை நீட்டி உட்கார்ந்தால் முதுகு பிடிக்குமா? தோளைத் தூக்கிக் கையைச் சுழற்ற முடியுமா? படியேறினால் நெஞ்சு அடைக்கிறதா? இந்த நாலு கேள்விக்கு வீட்டிலேயே பதில் தெரிந்துவிடும். ஹாலில் பாய் விரித்து அதில் உட்கார்ந்து பார்த்தால் போதும். பாயில் உட்கார்ந்து எழ முடியாதவருக்கு, தண்ணீரில் ஆடுகிற படகிலிருந்து எழுவது ஆகிற காரியமில்லை. முட்டி மாற்று ஆபரேஷன் செய்தவர்கள், ஆறு மாசத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருகிறவர்கள் கயாக் பக்கம் போக வேண்டாம்.

அவர்களுக்கும் சில்வர் ஸ்பிரிங்ஸில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அடிப்பக்கம் கண்ணாடி பதித்த படகு. 1870களிலிருந்து அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்ததே இந்தப் படகுதான். பெஞ்சில் சௌகரியமாக உட்கார்ந்து, காலடியில் மீன், ஆமை, ஊற்றுக்கண் எல்லாவற்றையும் பார்க்கலாம். நாங்கள் முதலில் அதில்தான் ஏறினோம். படகு ஆட்டம் சம்பந்தியம்மாவுக்குத் தலைசுற்றலைத் தருகிறதா என்று பார்த்துக்கொள்வதும் எனக்கு ஒரு காரணம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் லேசாகக் குமட்டியது!

அடுத்தது உடை. புடவையோடு கயாக்கில் ஏறாதீர்கள் தாய்மார்களே. படகு கவிழ்ந்தால் நனைந்த ஆறு கஜம் காலைச் சுற்றிக்கொள்ளும். நல்ல நீச்சல்காரியைக்கூட அது கட்டிப் போட்டுவிடும். சுடிதாரோ டிராக் பேன்ட்டோ போதும். துப்பட்டாவும் வேண்டாம். வேட்டி கட்டும் பெரியவர்களுக்கும் இதே பேச்சுதான். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்வதில் பயனில்லை. போட்டுப் பட்டையை இறுக்க வேண்டும். 26 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை கட்டாயம் அதை அணிந்திருக்க வேண்டும் என்கிறது புளோரிடா சட்டம். மற்றவர்களுக்குப் படகில் ஆளுக்கொன்று இருந்தாலே போதும். "இவனுக்குத்தான் ஆறு முடிஞ்சிருச்சே" என்று மகள் ஆரம்பித்தாள். சட்டத்துக்கு ஆறு வயசு முடியலாம் அம்மா, தண்ணீருக்கு வயசு தெரியாது என்று சொல்லி எல்லோருக்குமே மாட்டிவிட்டேன்.

அந்தத் தண்ணீரைப் பார்த்தால் ஆபத்து என்றே தோன்றாது. அதுதான் சங்கதி. அத்தனை தெளிவு. அடியில் கிடக்கிற மணல், ஆடுகிற பாசிப்புல், நீந்துகிற மீனின் செதில் வரைக்கும் தெரியும். "இடுப்பளவுதான் இருக்கும்" என்று கண் சொல்லும். கண்ணை நம்பாதீர்கள். தண்ணீருக்குள் இருப்பது நிஜத்தைவிட மேலே இருப்பதுபோலத் தெரியும். டம்ளரில் போட்ட ஸ்பூன் வளைந்து தெரிகிறதே, அதே காரணம்தான். நேர் மேலிருந்து பார்த்து 15 அடி ஆழம் என்று தோன்றினால் உண்மையில் அது 20 அடி. கலங்கிய குளத்தைக் கண்டால் குழந்தைகூடப் பயந்து நிற்கும். பளிங்குத் தண்ணீரைக் கண்டால் பெரியவர்களே காலை விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று, குளிர். ஊற்றுத் தண்ணீர் கோடையிலும் குளிர்காலத்திலும் ஒரே மாதிரி, சுமார் 22 டிகிரி செல்சியஸ். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் சித்திரை மாசத்துக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் குளித்துப் பழகிய உடம்பு 22 டிகிரியில் திடீரென்று விழுந்தால் மூச்சு ஒரு கணம் இழுத்துக்கொள்ளும், நாடி எகிறும், ரத்த அழுத்தம் ஏறும். இளவட்டங்களுக்கு அது ஒரு சிலிர்ப்பு. இதய நோயாளிக்கு அப்படி இல்லை. சில்வர் ஸ்பிரிங்ஸில் நீந்த அனுமதியே கிடையாது, முதலை இனமான அலிகேட்டர்களும் கரையோரம் வெயில் காய்கின்றன. ஆகவே அங்கே விரும்பி இறங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் குளிக்க அனுமதிக்கிற மற்ற ஊற்றுகளுக்குப் போனால் காலை நனைத்து, முகத்தை நனைத்து, கழுத்தை நனைத்து மெதுவாக இறங்குங்கள். தொபுக்கடீர் என்று குதிக்காதீர்கள்.

(அந்த 22 டிகிரி, மானட்டி என்ற நீர்ப்பசுவுக்கு மட்டும் வெந்நீர்! குளிர்காலத்தில் கடல் 20 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குத் தாங்காது. கதகதப்புக்காக ஊற்றுகளைத் தேடி வந்து ஒதுங்கும். நம் பாக் நீரிணையில் மேயும் ஆவுளியா என்ற கடற்பசு இதற்குத் தூரத்துச் சொந்தம். பார்த்தால் தொடாதீர்கள், துரத்தாதீர்கள்.)

இனி யாரும் வெளியே பேசாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீர். ஆற்றில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் பாத்ரூம் கிடையாது. நம் பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். பஸ் பிரயாணத்துக்கும் இதேதான், கல்யாண வீட்டுக்கும் இதேதான். மறுநாள் நீர்க்கடுப்பு, எரிச்சல், காய்ச்சல் என்று வந்து நிற்பார்கள். சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று சொல்லியிருக்கிறது. உடம்பு தானாக வெளியேற்ற நினைப்பதை அடக்கக் கூடாது என்பது அதன் சாரம். சிறுநீர் அதில் ஒன்று. நான் கல்லூரியில் படித்த காலத்தில் இதை மனப்பாடம் செய்தோம். அடக்குவதால் வரும் தொல்லையை கிளினிக்கில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். வெயிலில் துடுப்புப் போட்டு வியர்க்கும்போது தண்ணீர் குடிக்காமல் இருந்தால், முதலில் தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு. பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இரட்டை ஆபத்து.

என் யோசனை இதுதான். பயணத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்குச் சற்று முன்பு போய்விட்டு வாருங்கள். படகில் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். நீர் மாத்திரையை அன்றைக்கு எந்த நேரத்தில் போடுவது என்பதை, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் முன்னாடியே கேட்டுவிடுங்கள். "ஒரு நாள்தானே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆண்களில் பிராஸ்டேட் தொல்லை உள்ளவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் கூச்சப்பட்டு மகனிடம் சொல்லாமல் இருக்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். மாட்டுப்பெண்ணிடம் சொல்லக் கூச்சம் என்றால் மகனையாவது தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

சுகர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. துடுப்புப் போடுவது நல்ல உழைப்பு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சிலவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நடு ஆற்றில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. படகு ஆடுவதால் வருகிற பயம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடக் கூடாது. குளுக்கோஸோ சர்க்கரையோ பிளாஸ்டிக் டப்பாவில் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கடலை மிட்டாயை நம்பிப் போகாதீர்கள். அதில் எண்ணெய்ச்சத்து இருப்பதால் மெதுவாகத்தான் வேலை செய்யும். காலையில் வெறும் வயிற்றோடும் போக வேண்டாம். சம்பந்தியம்மா இரண்டு இட்லியோடு எழுந்திருக்கப் பார்த்தார், மூன்றாவதை வைத்துத்தான் அனுப்பினேன்.

ஆற்றோட்டத்தையும் ஒரு கணக்கில் வையுங்கள். போகும்போது தண்ணீரே இழுத்துக்கொண்டு போகும், சுகமாக இருக்கும். புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டுமென்றால் எதிர்நீச்சல். அரை மணி நேரம் கீழே போனால் மேலே வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கை வலிக்க ஆரம்பித்த பிறகு திரும்பலாம் என்று இருக்காதீர்கள். தெம்பு இருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.

பாதி வழியில் கரையோர மரத்தில் குரங்குக் கூட்டம்! சம்பந்தியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணாச்சி, அமெரிக்காவுல ஆஞ்சநேயர்!" என்று பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துவிட்டார். வட இந்தியக் கோயில்களில் திரியுமே, அதே ரீசஸ் குரங்குதான். டார்ஜான் படம் எடுக்க வந்தவர்கள் விட்டுப்போனது என்று அங்கே ஒரு கதை உலவுகிறது. அது கதை. 1930களின் கடைசியில் படகுச் சவாரி நடத்திய ஒருவர், கூட்டம் சேர்க்க ஆறு குரங்குகளை ஆற்றுத் தீவு ஒன்றில் விட்டார். குரங்கு நீந்தாது என்று நினைத்தார் போலிருக்கிறது. அவை நீந்திக் கரையேறிப் பெருகிவிட்டன.

வாழைப்பழத்தை வாங்கி உள்ளே வைத்தேன். அம்மாவுக்குக் கோபம்தான். ஆனால் அந்தக் குரங்குகளில் பல, ஹெர்ப்பிஸ் பி என்ற வைரஸைச் சுமக்கின்றன. சில குரங்குகளின் எச்சிலிலேயே அந்த வைரஸ் இருப்பதை 2018ல் வெளியான ஆய்வு காட்டியது. குரங்குக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. மனிதனுக்குத் தொற்றுவது மிக அபூர்வம். ஆனால் தொற்றினால் மூளையைத் தாக்கும், உயிரைக் குடிக்கும். அங்கே குரங்குக்குத் தீனி போடுவது சட்டப்படியும் குற்றம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் வேண்டாம், பச்சிலையும் வேண்டாம். பச்சிலை வைத்தியன் நானே சொல்கிறேன்.

குரங்கு விஷயத்தில் தோற்றவர் தண்ணீர் விஷயத்தில் விடுவதாக இல்லை. காலி பாட்டிலை ஆற்றில் முக்கி நிரப்பினார். "பூமிக்குள்ள இருந்து வர்ற தீர்த்தம். பேரனுக்கு ஒரு வாய் குடுத்தா என்ன?"

நம் சித்த நூல்கள் தண்ணீரை அது கிடைக்கும் இடத்தை வைத்துப் பிரித்துப் பேசுகின்றன. பதார்த்த குண சிந்தாமணியில் ஒவ்வொரு நீருக்கும் தனித்தனிக் குணம் சொல்லியிருக்கிறது. ஊற்று நீருக்கும் அதில் இடம் உண்டு. அதை எழுதிய காலத்தில் ஊற்றுக்கு மேலே நெடுக யூரியா மூட்டை அடுக்கிய வயல் இல்லை என்பதை இப்போது அதைப் படிக்கிற நாம் மறக்கக் கூடாது. ஒகாலாவைச் சுற்றிக் குதிரைப் பண்ணைகள், உரம் போட்டு வளர்க்கிற புல்தரைகள், வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அதிலிருந்து நைட்ரேட் என்ற உப்பு மழையோடு கீழே இறங்குகிறது. சுண்ணாம்புப் பாறை தூசியையும் சேற்றையும் பிடித்துக்கொள்ளும், கரைந்த உப்பைப் பிடிக்காது. வீட்டில் செய்து பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். சற்று நேரத்தில் பழையபடி பளிச்சென்று ஆகிவிடும். உப்பு எங்கேயும் போகவில்லை.

புளோரிடா அரசு ஊற்றுகளுக்கு வைத்திருக்கும் நைட்ரேட் வரம்பு லிட்டருக்கு 0.35 மில்லிகிராம். சில்வர் ஸ்பிரிங்ஸில் அது 1 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது. குடிநீருக்கு அமெரிக்காவில் அனுமதிக்கும் அளவு 10 மில்லிகிராம். ஆகவே நைட்ரேட்டால் அந்த ஒரு வாய் பேரனைச் சாய்த்துவிடாது. அந்த அளவே ஆற்றுக்குப் போதும், பாசி மண்டி புல்லை மூடிவிட. பேரனுக்கு நான் பயப்பட்டது வேறு. ஆற்றில் மிருகங்கள் கழிக்கின்றன, குரங்கு குளிக்கிறது, ஆமை இருக்கிறது. காய்ச்சாத ஆற்று நீர் வயிற்றுப்போக்குக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி.

காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். இதைக் கிணறு, போர்வெல் உள்ள நம் வீடுகளில் உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். வயலுக்கு நடுவில் கிணறு, பக்கத்திலேயே செப்டிக் டேங்க் என்றால், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆறு மாசத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கலாம். நைட்ரேட் மிகுந்த நீர் கைக்குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு ஏறுவதைக் கெடுத்து உடம்பை நீலமாக்கிவிடும்.

பாட்டில் தண்ணீரை அந்த அம்மா கீழே ஊற்றவில்லை. மகள் வீட்டுப் பூஜை அறையில் சொம்பில் வைத்தார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் உடம்பு வலிக்கும். தோள், முதுகு, உள்ளங்கை. இரண்டு நாள் இருக்கும், பயப்பட வேண்டாம். உளுந்துத் தைலமோ நல்லெண்ணெயோ லேசாகச் சூடுபண்ணித் தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். ஈரத் தலையோடு ஏசி காரில் வந்தவர்களுக்குச் சுக்கு மல்லிக் காபி. ஆனால் வலி நடு நெஞ்சிலோ, இடது கையிலோ, தாடையிலோ இருந்து, கூடவே வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் தைலத்தைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். "துடுப்புப் போட்டதால இருக்கும்" என்று படுக்கவும் வைக்காதீர்கள். அமெரிக்காவில் 911, நம் ஊரில் 108. புறப்படுவதற்கு முன்பே அந்த நம்பரையும், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் இங்கிலீஷில் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு லைஃப் ஜாக்கெட் பைக்குள் வைத்துவிடுங்கள்.